மூன்று குட்டிகளும் ஒரு நூற்கண்டும்

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் வீட்டில் மிஞ்சிக் கிடப்பவை பழைய புத்தகங்களும், திருத்தி முடித்த பின்னும் எறிய மனம் வராத சில கட்டுரை ஏடுகளுமே. 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாள், விடியற்காலை மழை ஓய்ந்த நேரம். என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டை மறைத்திருந்த பழஞ்சேலைத் துணியை விலக்கிய என் மனைவி, விலக்கிய வேகத்திலேயே அதை விட்டுவிட்டு, "இங்கே வந்து பாருங்கள். உங்கள் ஏடுகளைப் படிக்க ஆள் வந்திருக்கிறது" என்று அழைத்தாள். குனிந்து பார்த்தேன். கட்டுரை ஏடுகளின் மீது எங்கள் தெருப் பூனை படுத்திருந்தது. எலிக்குட்டியா பூனைக்குட்டியா என்று ஐயுறத்தக்க மூன்று உயிர்கள் அதன் வயிற்றோடு ஒட்டி நெளிந்துகொண்டிருந்தன.

தூத்துக்குடியில் மீன் வாசம் வீசும் அடுப்படி ஒவ்வொன்றுக்கும் உரிமை கொண்டாட ஒரு பூனை உண்டு. எங்கள் அடுப்படிக்கு உரிமை கொண்டாடியவள் இவள். வெள்ளை, கறுப்பு, செவலை என்று மூன்று நிறமும் திட்டுத் திட்டாகப் படிந்த உடம்பு. சாளை மீன் கழுவும் நேரம் பார்த்துப் புறவாசலுக்கு வருவாள். தலைகளையும் குடலையும் தின்றுவிட்டு, நன்றியென்று ஒரு பார்வைகூடப் பாராமல் மதிலேறிப் போய்விடுவாள். இரண்டாண்டுகளாக இதுதான் எங்களுக்குள் இருந்த உறவு. இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் மகளின் குழந்தை, இரண்டாம் வகுப்பில் படிப்பவள், இவளுக்கு 'மணி' என்று பெயர் சூட்டியிருந்தாள்.

பூனையை 'அவள்' என்று எழுதுகிறேனே என்று இலக்கணம் அறிந்த அன்பர்கள் குறை காணலாம். பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வது உவப்பின் காரணமாக வந்த திணை வழுவமைதி என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் நான். அந்தச் சலுகையை இப்போது நானே எடுத்துக்கொள்கிறேன்.

"இவற்றை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். எந்த வீட்டிலும் எழுகின்ற கேள்விதான். ஆனால், அந்தக் கேள்விக்கு நான் சிறுவனாக இருந்தபோது ஒரு முறை விடை கொடுத்திருக்கிறேன்.

1974-இல் எனக்கு வயது 14. எங்கள் பழைய வீட்டின் விறகு அடுக்கில் ஒரு சாம்பல் நிறப் பூனை நான்கு குட்டிகளை ஈன்றிருந்தது. அவை கண் திறந்து, தள்ளாடி நடந்து, ஒன்றையொன்று தட்டி விளையாடத் தொடங்கிய நாளில், என் தந்தையார் ஒரு பனையோலைப் பெட்டியை என் கையில் கொடுத்து, "மீன் சந்தைப் பக்கம் விட்டுவிட்டு வா. அங்கே தின்பதற்குக் குறைவிராது" என்றார். அவர் இரக்கமற்றவர் அல்லர். அந்நாளில் பல வீடுகளில் நடந்ததுதான் அது. கோணிப்பையில் கட்டி ஊர் எல்லைக்கு அப்பால் அவிழ்த்து விடுவோரும் உண்டு. போகும் வழிக்கு என்று 25 காசும் கொடுத்தார். பெட்டிக்குள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விளையாடிக்கொண்டே வந்தன. மூடியின் இடுக்கு வழியாக என் விரலைப் பிடித்துக் கடித்தன. சந்தையின் பின்புறத்தில் அவற்றை இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேன். 25 காசுக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தாய்ப்பூனை என் கைகளை முகர்ந்தது. பின்னர் ஓலைப்பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தது. குட்டிகளை அழைப்பதற்கென்றே தாய்ப்பூனையிடம் ஒரு தணிந்த குரல் உண்டு; தொண்டைக்குள்ளேயே உருண்டு வரும் குரல் அது. மூன்று இரவுகள் விறகு அடுக்கைச் சுற்றி அந்தக் குரலைக் கேட்டேன். என் தாயார் எழுந்துபோய் ஒரு கிண்ணத்தில் பால் வைத்தார். அது தீண்டவில்லை.

இதனை என் மனைவியிடம் அதுவரை நான் சொன்னதில்லை. அன்று அலமாரியின் முன் குனிந்தபடியே சொன்னேன். அவள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தாமாகத் தின்னத் தெரியும்வரை இருக்கட்டும். அப்புறம் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்போம். ஆனால் அடுப்படிக்குள் மட்டும் வரக்கூடாது" என்றாள். இறுதியாக விதித்த அந்த நிபந்தனை ஐந்து வாரம் நிலைத்தது.

முதல் இரண்டு வாரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேளாது. வெப்பமும் மணமுமே அதற்கு உலகம். ஆனால் அந்த நிலையிலும் ஒன்றைக் கண்டு வியந்தேன். மூன்று குட்டிகளும் தத்தமக்கென்று ஒரு முலைக்காம்பைப் பிடித்துக்கொண்டன. வேறொன்று அந்த இடத்துக்கு வந்தால் தலையால் முட்டித் தள்ளின. ஒன்பதாம் நாள் வாக்கில் கண் திறந்தபோது மூன்றுக்கும் நீலக் கண்கள். என் பேத்தி அதைக் கண்டு ஆர்ப்பரித்தாள். பூனைக்குட்டிகள் எல்லாமே முதலில் நீலக் கண்ணோடுதான் இருக்கும், ஒன்றரை மாதத்தில் நிறம் மாறிவிடும் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

இதற்கிடையில் மணி, தன் மக்களை மூன்று முறை இடம் மாற்றினாள். அலமாரியிலிருந்து கட்டிலுக்கு அடியில், அங்கிருந்து அரிசிப் பானைக்குப் பின்னால், மறுபடியும் அலமாரிக்கு. பிடரியைக் கவ்வியதும் குட்டி கைகால்களைச் சுருக்கிக்கொண்டு துணிப்பொட்டலம் போல அசைவற்றுத் தொங்கும். பிடரியில் பிடி விழுந்ததும் உடல் தானே அடங்கிவிடுவது அவற்றின் இயற்கை. வைணவப் பெரியோர்கள் இந்தக் காட்சியைக் கண்டுதான் மார்ச்சால நியாயம் என்று ஒன்றைச் சொன்னார்கள். குரங்குக்குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியையோ தாய் பற்றிக்கொள்கிறது என்ற வேறுபாட்டை வைத்து, வடகலையாரும் தென்கலையாரும் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். அதை நூலில் படித்திருந்தேன். என் அரிசிப் பானைக்குப் பின்னால்தான் கண்ணால் கண்டேன்.

நான்காம் வாரத்தில் விளையாட்டுத் தொடங்கியது. வாசக அன்பர்களே, இனி எங்கள் வீட்டில் எவரும் நேராக நடந்ததில்லை.

குட்டிகளில் ஒன்று செவலை, ஆண். ஒன்று சாம்பலில் கருவரி, அதுவும் ஆண். ஒன்று முழுக் கறுப்பு, பெண். பாரதியார் ஒரு பூனை ஈன்ற பல நிறக் குட்டிகளைக் காட்டி மாந்தர் யாவரும் சமம் என்று பாடினார். அந்நிற வேறுபாட்டின் காரணம் இப்போது தெரிந்திருக்கிறது. செவலை நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது எந்த மரபணு என்பதை 2025-இல் வெளிவந்த ஆய்வுகள் சுட்டிக்காட்டின. ஆண்குட்டிக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வருவதால், செவலை நிறம் அவனுக்குத் தாய் கொடுத்த சீதனம். மூன்று நிறமும் கொண்ட பூனை ஏறக்குறைய எப்போதும் பெண்ணாகவே இருப்பதற்கும் இதுவே காரணம். தந்தையைப் பற்றி எங்களுக்குத் தகவல் இல்லை. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருக்கக்கூடும் என்றும் அறிந்தோர் சொல்கிறார்கள். மணியின் குடும்ப விவகாரத்தில் நான் தலையிட விரும்பவில்லை.

பெயரிடும் உரிமை பேத்தியுடையது. செவலையைச் 'சண்டியர்' என்றாள். வரிப்பூனையைத் 'துரை' என்றாள். கறுப்புக்குட்டி, கால்களை உள்ளே மடித்துக்கொண்டு, ஓரமாக அமர்ந்து எல்லாரையும் கவனிக்கும் தோரணையைப் பார்த்து, அதற்கு 'ஆச்சி' என்று பெயர் வைத்தாள். அவள் தன் பாட்டியை அழைக்கும் பெயரும் அதுவே. "வீட்டில் ஒரு ஆச்சி போதாதா?" என்று என் மனைவி எதிர்ப்புத் தெரிவித்தாள். பயனில்லை. "தாத்தா, ஆச்சி நெத்திலியைத் திருடித் தின்கிறாள்" என்று பின்கட்டிலிருந்து குரல் வரும்போதெல்லாம் நான் சிரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

சண்டியரின் பகைவன் என் செருப்பு. அதனைக் கண்டதும் முதுகை வில்லாக வளைப்பான். வால்மயிர் சிலிர்த்து, புட்டி கழுவும் தூரிகை போலாகும். பின்னர் நேராகப் பாயாமல், பக்கவாட்டில் நான்கு கால்களாலும் துள்ளித் துள்ளி அதனை நெருங்குவான். செருப்பு அசையாதிருப்பதைக் கண்டு தன் வீரத்துக்கு அது அஞ்சிவிட்டதாக முடிவு செய்து, வாரைக் கவ்வி இழுத்துச் செல்வான். மாலைச் செபத்தில் என் மனைவியின் கையிலிருந்து தொங்கும் செபமாலை ஆடத் தொடங்கினால், நாற்காலிக்கு அடியிலிருந்து அவன் முன்னங்கால் மட்டும் மெல்ல வெளியே வரும். பேத்தி சிரிப்பாள். அந்த மணி முழுவதும் நாங்கள் பக்தியோடு செபித்தோம் என்று சொன்னால் அது பொய்யாகும்.

துரைக்கு ஓடுவது பிடிக்காது. காகித உருண்டையைச் சண்டியர் வீடெங்கும் துரத்திக்கொண்டிருக்கும்போது, துரை நடுக்கூடத்தில் சாய்ந்திருப்பான். உருண்டை தன் பக்கம் தானாக வந்தால் ஒரு தட்டுத் தட்டுவான். வராவிட்டால் கொட்டாவி விடுவான். நான் செய்தித்தாளை விரித்ததும் வந்து படுப்பான். தாளின் வெற்றிடங்களை விட்டுவிட்டு, நான் படித்துக்கொண்டிருக்கும் பத்தியின் மீது சரியாகப் படுப்பதற்கு அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை விளங்கவில்லை. கேசரி கிளறிய நாளில் தட்டின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தான். இனிப்பில் ஆசை என்று நினைத்தோம். ஆனால் பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாதாம். அச்சுவையை உணர்த்தும் மரபணு பூனையினத்தில் செயலிழந்துவிட்டது என்று 2005-இல் கண்டறிந்திருக்கிறார்கள். துரையின் ஆசை நெய்யின் மீது.

ஆச்சியைப் புரிந்துகொள்ள நாளாயிற்று. யாரேனும் பார்த்துக்கொண்டிருந்தால் விளையாடமாட்டாள். மற்ற இருவரும் கட்டிப் புரளும்போது தள்ளி அமர்ந்து பார்ப்பாள். நோயுற்ற குட்டியோ என்று முதலில் கவலைப்பட்டோம். பின்னர்தான் தெரிந்தது, அவள் விளையாட்டு வேறு வகை என்பது. விளக்கு வைக்கும் நேரத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். கடந்து செல்லும் கால் எதுவானாலும், கணுக்காலில் ஒரு தட்டு. நகம் படாத தட்டு. குனிந்து பார்த்தால் அங்கே எவரும் இரார். அலமாரியின் மேல்தட்டில் கால்களை மடித்துக்கொண்டு, நெடுநேரமாக அங்கேயே இருப்பவள் போலக் கண்களைச் சிமிட்டிக்கொண்டிருப்பாள்.

தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, கீரி, பூனை, எலி, அணில் ஆகிய நான்கனுக்கும் 'குட்டி' என்ற பெயரை உரியதாக்கினார். எலிக்கும் பூனைக்கும் ஒரே பெயரை வழங்கியதில் அவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று பூனைக்குட்டிகளை மூன்று மாதம் பார்த்த பின், 'குட்டிகள்' என்று பன்மையில் சொல்வதே எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

விளையாட்டு என்று நாம் சொல்வது அவற்றுக்குப் பள்ளிக்கூடம். பதுங்கல், பாய்தல், கவ்வுதல், பின்கால்களால் உதைத்தல் என்று சண்டியர் என் செருப்பின் மீது காட்டிய ஒவ்வோர் அசைவும் வேட்டையின் பாடம். மணி அந்தப் பாடத்தை முறையாக நடத்தினாள். முதலில் செத்த பல்லி ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். சில நாள் கழித்துக் குற்றுயிராய் ஒரு வெட்டுக்கிளி. அதன்பின் முழு உயிரோடு ஒன்று. எளிதிலிருந்து அரிதுக்குச் செல்ல வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மணி எந்தப் பயிற்சிப் பள்ளியில் படித்தாளோ! உயிருள்ள வெட்டுக்கிளியைச் சண்டியர் ஆரவாரத்தோடு துரத்தித் தவறவிட்டான். துரை முகர்ந்து பார்த்துத் தும்மினான். யாரும் எதிர்பாராத மூலையிலிருந்து வந்து பிடித்தவள் ஆச்சி.

வேட்டையைவிடப் பெரிய பாடம் ஒன்றும் அந்த விளையாட்டில் உண்டு. சண்டியர் தொடக்கத்தில் பலமாகக் கடிப்பான். கடிபட்ட துரை வீலென்று கத்தி, விளையாட்டை விட்டுவிட்டு எழுந்து போய்விடுவான். சண்டியர் திகைத்து நிற்பான். தாயைக் கடித்தாலோ தலையில் ஓர் அறை விழும். இப்படிப் பத்தாம் வாரத்துக்குள் அவன் கடி, பல் படுவது தெரியாத அளவுக்கு மென்மையாகிவிட்டது. எவ்வளவு கடித்தால் அடுத்தவனுக்கு வலிக்கும் என்பதை உடன்பிறந்தாரிடமும் தாயிடமும் அல்லாமல் வேறெங்கும் குட்டி கற்க முடியாது. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 5,700 பூனைகளின் விவரங்களைத் திரட்டி 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை பின்னாளில் கூடுதலான மூர்க்கத்தைக் காட்டுகின்றன. பதினான்கு வாரம்வரை தாயோடு விட்டுவைப்பது நல்லது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதைப் படித்தபோது 1974-இல் நான் சுமந்து சென்ற பெட்டியின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவற்றுக்கு ஐந்து வாரம்கூட ஆகியிராது.

டிசம்பரில் புறவாசல் எங்கும் குப்பைமேனி முளைத்தது. அதற்குப் 'பூனைவணங்கி' என்றும் தமிழில் பெயர் உண்டு. பெயர் வைத்தவர் கண்ணாரக் கண்டு வைத்திருக்கிறார். என் மனைவி களை பறித்து எறிந்த செடிகளின் வேரில், அதுவரை கண்ணியத்தின் திருவுருவாய் இருந்த மணி, முகத்தைத் தேய்த்து, மல்லாந்து, புரண்டு, தன் வயதையும் மூன்று குட்டிகளின் தாய் என்ற நிலையையும் மறந்து கிடந்தாள். குட்டிகள் மூன்றும் வரிசையாக நின்று தாயைப் பார்த்தன. அந்த வேரில் அவற்றுக்கு ஈடுபாடு இல்லை. அதற்குரிய வயது இன்னும் வரவில்லை போலும்.

கிறிஸ்து பிறப்புக்குக் குடில் அமைத்தபோது அவற்றுக்கு எட்டு வாரம் நிறைந்திருந்தது. குட்டிகள் ஓடியாடுவதில் உச்சத்தை எட்டும் பருவம் அது என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பேத்தி தட்டில் கேழ்வரகு விதைத்து, பச்சைப் பசேலென்று வளர்த்து, குடிலின் முன் புல்வெளியாக வைத்திருந்தாள். விழாவுக்கு முதல் நாள் மாலை பார்த்தால், புல்வெளியில் துரை துயில்கொண்டிருந்தான். ஞானியரின் ஒட்டகம் ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. யார் வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. குடிலின் கூரைமீது ஏறிய சண்டியர் ஓலையோடு சரிந்து விழுந்தான். ஆனால் நான்கு கால்களும் தரையில் ஊன்ற நின்றான். மாரே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1894-இலேயே விழும் பூனையை அடுத்தடுத்துப் படம் பிடித்து, அது முதலில் முன்னுடலையும் பின்னர் பின்னுடலையும் திருப்பிக்கொள்வதைக் காட்டியிருக்கிறார். ஏழு வாரத்துக்குள் அந்த வித்தை குட்டிக்கு முழுமையாகக் கைவந்துவிடுமாம். ஒட்டகத்தின் கால் மட்டும் ஒட்டவைக்கும்படி ஆயிற்று.

பொங்கலை ஒட்டிய வாரத்தில்தான் அது நடந்தது.

பேத்தியின் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த என் மனைவி, யாரோ வாசலில் அழைக்க, நூற்கண்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். ஊசியைக் கையோடு எடுத்துச் சென்றது எங்கள் நல்ல காலம். திரும்பி வந்தபோது நூற்கண்டு தரையில் உருண்டு கிடந்தது. சண்டியர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, முன்னங்காலால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயோரத்தில் வெள்ளை நூல் ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கியது. நான் அதைப் பிடித்து இழுத்தேன். அவன் அலறிய அலறலில் கையை விட்டுவிட்டேன்.

அரசு கால்நடை மருத்துவமனையில் இருந்த மருத்துவர் இளவயதினர். "இழுத்தீர்களா ஐயா?" என்றுதான் முதலில் கேட்டார். கொஞ்சம் இழுத்தேன் என்றேன். அவர் விளக்கிச் சொன்னதை எல்லா வீட்டாரும் தெரிந்துகொள்ளுதல் நலம். பூனையின் நாவில் உள்ள முட்கள் உட்பக்கம் நோக்கிச் சாய்ந்தவை. நூல் நாவில் ஒட்டினால் அதனால் துப்ப இயலாது, விழுங்கத்தான் இயலும். ஒரு முனை நாவின் அடியில் சுற்றிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போய்விட்டால், குடல் அந்த நூலின்மேல் சுருக்குப்பை போலச் சுருங்கும். நாம் இழுத்தால் நூல் குடலையே அறுத்துவிடும். வலிக்கு ஏதேனும் மாத்திரை கொடுத்தீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் ஒரு மாத்திரை போதுமாம், பூனையைக் கொல்வதற்கு.

மயக்க மருந்து செலுத்தி, நாவின் அடியில் சுற்றியிருந்த நூலைக் கத்தரித்து விட்டார். "உள்ளே போனது தானாக வெளிவந்தால் நல்லது. இரண்டு மூன்று நாள் பாருங்கள். வாந்தி எடுத்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ உடனே கொண்டுவாருங்கள், வயிற்றைத் திறக்க வேண்டிவரும்" என்றார்.

அந்த இரண்டு இரவுகளும் நான் உறங்கவில்லை. சண்டியர் அட்டைப்பெட்டியில் சுருண்டு கிடந்தான். செருப்பை அவன் முன் வைத்தேன்; பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். மணி வந்து அவனை நக்கிவிட்டாள். பிறகு, வழக்கம்போல மதிலேறிப் போய்விட்டாள். துரை மட்டும் பெட்டிக்குள் இறங்கி, இருந்த இடத்தில் முக்கால் பங்கை எடுத்துக்கொண்டு படுத்தான். ஆச்சி அலமாரி மேல்தட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நடுநிசியில் அந்த நாற்காலியில் அமர்ந்து, 1974-ஆம் ஆண்டின் நால்வரை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். தாய்ப்பூனையின் நிறம் நினைவிருக்கிறது. ஓலைப்பெட்டியின் பின்னல் நினைவிருக்கிறது. கடலை மிட்டாயின் சுவைகூட நினைவிருக்கிறது. அந்த நான்கு குட்டிகளில் ஒன்றின் நிறமும் நினைவில்லை. எது துள்ளியது, எது ஒதுங்கியிருந்தது, என் விரலைக் கடித்தது எது, ஒன்றும் தெரியவில்லை. நான் அவற்றைப் பார்க்கவே இல்லை.

மூன்றாம் நாள் விடியற்காலையில் என் மனைவி மணல் தட்டின் அருகே நின்றுகொண்டு, "வந்துவிட்டது! நூல் வந்துவிட்டது!" என்று கூவினாள். மகள் பட்டம் பெற்ற செய்தி வந்த நாளிலும் அவள் குரலில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் கேட்டதில்லை. அன்று மாலைக்குள் என் இடக்கால் செருப்பு காணாமற்போயிற்று.

பிப்ரவரியில் குட்டிகளுக்குப் பதினான்கு வாரம் கடந்தது. வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. மணிக்கும் கருத்தடை அறுவை முடிந்தது. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மீண்டும் சினையாகக்கூடும் என்று அந்த மருத்துவரே எச்சரித்திருந்தார். இனி வீடு தேட வேண்டும்.

துரைக்கு இடம் எளிதில் கிடைத்தது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், மனைவியை இழந்தவர், நாளெல்லாம் வானொலியோடு நாற்காலியில் இருப்பவர். அவருடைய செய்தித்தாளின்மீது படுக்க ஒருவர் வேண்டியிருந்தது. சண்டியரைக் கேட்டு முதலில் வந்தவர் வலைக் கிட்டங்கி வைத்திருப்பவர். எலிகள் வலையைக் கடித்து நாசமாக்குகின்றன என்றார். நல்ல மனிதர்தான்; ஆனால் கிட்டங்கி முழுவதும் நைலான் நூல். நான் மறுத்துவிட்டேன். இதற்கெல்லாம் காரணம் சொல்கிறாரே என்று அவர் நினைத்திருக்கக் கூடும். கடைசியில் அரிசிக் கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கு அவனைக் கொடுத்தோம். அங்கே மூட்டைகளும் எலிகளும் உண்டு. மூட்டை தைக்கும் சணல் நூலை மட்டும் மூடி வைக்கும்படி இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொல்ல வாயெடுத்தபோது என் மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

ஆச்சியை யாரும் கேட்கவில்லை. வந்து பார்த்தவர்கள், "கறுப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்ற எண்ணம் நம்மவரிடையே இன்னும் போகவில்லை. நான்காவது ஆளும் அப்படிக் கேட்டுத் திரும்பிய அன்று, என் மனைவி கதவைச் சாத்திவிட்டு, "ஆச்சி தன் வீட்டை விட்டு எங்கே போவாள்?" என்றாள். பேத்தி கைகொட்டினாள்.

சண்டியரை நானே கொண்டுபோய் விட்டேன். துணிப்பை அவனுக்குப் பொருந்தவில்லை. பனையோலைப் பெட்டி ஒன்றைத்தான் எடுக்க நேர்ந்தது. வழியெல்லாம் மூடியின் இடுக்கு வழியாக என் விரலைப் பிடித்துக் கடித்துக்கொண்டு வந்தான். பல் படாத கடி. வீடு திரும்பியதும் மணி வந்து பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். சில வாரங்களாகவே அவள் தன் மக்கள் அருகில் வந்தால் சீறி விரட்டிக்கொண்டிருந்தாள், பாலும் மறக்கடித்துவிட்டாள். தலையை வெளியே எடுத்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, வெயில் விழும் படியில் போய்ப் படுத்தாள். அன்றிரவு வீட்டைச் சுற்றி எந்தக் குரலும் கேட்கவில்லை. நான் மூன்று மணிவரை காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் அரிசி வாங்கப் போயிருந்தேன். பொன்னி மூட்டைகளின் உச்சியில் சண்டியர் படுத்திருந்தான். முழு வளர்ச்சியடைந்த கடுவன், அகன்ற முகம், காதில் ஒரு வெட்டு. "எலி என்ற பேச்சே இல்லை சார்" என்றார் கடைக்காரர். நான் அருகில் போய் விரலை நீட்டினேன். அவன் ஒரு கண்ணைத் திறந்து விரலை முகர்ந்தான், என்னைப் பார்த்தான். பிறகு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டான். கீழே நான் கழற்றி விட்டிருந்த செருப்பைத் தேடினேன். ஒன்று இருந்த இடத்தில் இருந்தது. மற்றது, இரண்டு முழம் தள்ளி, மூட்டைகளுக்கு இடையில் கிடந்தது.